சாக்கெட்டைத் தனியாகக் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கால் வழங்கும் முகாம்களைப் பற்றிய செய்தியும் படமும் நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. வரிசையாக நாற்காலிகள், மடியில் புதுக் கால், பின்னால் விருந்தினர்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கால்கள் என்ன ஆயின என்று யாரும் எழுதுவதில்லை. அவற்றில் கணிசமானவை பரணில் கிடக்கின்றன. கால் உடைந்திருக்காது. வாங்கியவருக்கு நடக்க விருப்பமில்லை என்பதும் இல்லை. மீதமுள்ள கால் நுழையும் உறையான சாக்கெட் சேராமல் போயிருக்கும். முழங்காலுக்குக் கீழே கால் நீக்கப்பட்டவர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். பொறுமையோடு வெளியிட வேண்டுகிறோம்.

செயற்கைக்கால் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது மூன்று பாகம். மீதிக்காலை உள்ளே வாங்கிக்கொள்ளும் சாக்கெட், அதன் கீழே கணைக்காலுக்குப் பதிலான குழாய், அடியில் பாதம். குழாயும் பாதமும் அளவு பார்த்து எடுக்கிற சாமான்கள். இரண்டு மூன்று ஆண்டு தாராளமாக உழைக்கும். சாக்கெட் அப்படியில்லை. ஒருவருடைய மீதிக்காலில் பிளாஸ்டர் அச்சு எடுத்து அவர் ஒருவருக்காகவே செய்வது அது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆண்டில்தான் மீதிக்கால் அதிகமாக மாறுகிறது. வீக்கம் வடிகிறது, வேலையில்லாத கெண்டைத்தசை மெலிகிறது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் முதல் சாக்கெட் தொளதொளவென்று ஆகிவிடுவது வழக்கம். உடம்பு தேறி வருவதன் அடையாளம் அது.

விதி இதற்கு நேர் எதிராக நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் தருவதற்காக 1981இல் தொடங்கிய ஒன்றிய அரசின் அடிப் திட்டத்தில் ஓர் உதவி உபகரணம் வாங்கியவர் அதே உபகரணத்தை மறுபடி பெற 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 1 ஆண்டு. சக்கர நாற்காலிக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் இது பொருந்தலாம். காலுக்கு எப்படிப் பொருந்தும்? ஆறாவது மாதத்தில் சாக்கெட் தளர்ந்தவர் மீதி இரண்டரை ஆண்டு என்ன செய்வார்? ஊன்றுகோலுக்குத் திரும்புகிறார், அல்லது சாக்கெட்டுக்குள் பழந்துணியைத் திணித்து நடந்து புண்ணாக்கிக்கொள்கிறார். சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புண் முழங்காலுக்கு மேலே இன்னொரு அறுவை வரை கொண்டுபோய்விடும். பதிவேட்டில் கால் என்று ஒரே வரியாக எழுதாமல் சாக்கெட்டைத் தனி வரியாக்குங்கள், முதல் ஆண்டுக்குள் ஒரு மாற்று சாக்கெட் உண்டு என்று எழுதுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. முகாம்களில் கிடைக்கும் ஜெய்ப்பூர் வகைக் காலில் சாக்கெட்டும் கணைக்காலும் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாயில் ஒரே துண்டாக வரும். அதில் இரண்டையும் சேர்த்துப் புதிதாகச் செய்ய வேண்டும். பாதத்தைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஆகவே அங்கேயும் முழுக் காலின் செலவு ஆகாது.

இனி, கால் வாங்கப் போகிறவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும்.

அச்சு எடுக்க அவசரப்படாதீர்கள். தையல் பிரித்து, தழும்பு முழுதும் ஆறி, வீக்கம் அடங்கியிருக்க வேண்டும். விபத்தில் கால் போனவர்களுக்குச் சுமார் ஆறிலிருந்து எட்டு வாரம். சர்க்கரையோ ரத்தக்குழாய் அடைப்போ காரணமென்றால் இன்னும் கூடும். முழங்கால் சிப்பியின் கீழ்முனையிலிருந்து 5 செ.மீ., 10 செ.மீ. தள்ளி இரண்டு இடத்தில் பேனாவால் குறி வையுங்கள். தையல்காரர் டேப்பால் தினமும் ஒரே நேரத்தில் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் அளவு மாறாமல் நின்றால் அச்சுக்குப் போகலாம். நுனி குண்டாக உப்பி, மேலே ஒடுங்கியிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை. அடுத்த முகாம் எப்போது வருமோ என்ற பயத்தில் வீங்கிய காலிலேயே அச்சு கொடுப்பதுதான் பரணுக்குப் போகிற கால்களின் முதல் காரணம்.

வீக்கம் வடியக் கட்டுப் போட வேண்டும். 4 அங்குல கிரேப் பேண்டேஜ் இரண்டு தேவைப்படும். வளையம் வளையமாகச் சுற்றக் கூடாது. அது கழுத்தை இறுக்கிய மூட்டைபோல ரத்தத்தைக் கீழேயே தேக்கிவிடும். எட்டு என்ற எண் போலக் குறுக்கும் நெடுக்குமாக, நுனியில் இறுக்கமாகவும் மேலே வரவர இளக்கமாகவும் சுற்றி, முழங்காலுக்கு மேலே கொண்டுபோய் முடியுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கட்டு இருக்கட்டும். காயம் ஆறிய பிறகு ஷ்ரிங்கர் என்னும் இறுக்க உறை கிடைத்தால் வேலை சுலபம்.

இந்த வாரங்களில் அன்பினால் நடக்கும் ஒரு தவறு, முழங்காலுக்கடியில் தலையணை வைப்பது. வீட்டுப் பெரியவர்கள் வலி குறையட்டும் என்று வைக்கிறார்கள். முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல சாக்கெட் செய்தாலும் நேராக நிற்க முடியாது. தலையணையை எடுத்துவிடுங்கள். நாளுக்கு இரண்டு முறை, 15 முதல் 30 நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும். நாற்காலியில் உட்காரும்போது மீதிக்காலைத் தொங்கவிடாமல் பலகையோ இன்னொரு நாற்காலியோ வைத்து நீட்டிக்கொள்ளுங்கள்.

புதுக் கால் வந்த முதல் நாள் 15, 20 நிமிடம் மட்டும் போட்டு, நின்று, நாலடி நடந்து, கழற்றிப் பாருங்கள். சிவப்பு இருக்கும். எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண், கணைக்கால் எலும்பின் உள்பக்கச் சரிவு, பின்புறக் கெண்டைத்தசை ஆகியவை எடையைத் தாங்கும் இடங்கள். அங்கே சிவப்பது சரி. வெளிப்பக்கம் துருத்தும் சிறு எலும்பின் தலை, முன்னெலும்பின் கூர்விளிம்பு, அறுத்த எலும்பின் நுனி ஆகியவற்றில் சிவக்கக் கூடாது. எங்கே சிவந்தாலும் பத்து நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் மறுபடி போடாமல், செயற்கைக்கால் செய்து பொருத்தும் முடநீக்கு வல்லுநரிடம் போங்கள். சூடு காட்டி ஓரிடத்தை வெளியே தள்ளுவதும், விளிம்பைத் தேய்ப்பதும், பட்டையாக ஃபோம் ஒட்டுவதும் அரைமணி நேர வேலை. எல்லாம் சரியாக இருந்தால் நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ‘போகப் போகப் பழகிடும்’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். செருப்புக் கடியே பழகுவதில்லை. சாக்கெட் கடி நிச்சயம் பழகாது.

இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் சாக்ஸ் பற்றிய இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டுக்குள் போகுமுன் மீதிக்காலில் மாட்டும் உறைதான் ஸ்டம்ப் சாக்ஸ். அதன் தடிமனைப் பிளை என்று கணக்கிடுவார்கள். 1, 3, 5 பிளைகளில் வரும். மீதிக்கால் காலையில் சற்றுப் பருத்திருக்கும். நடக்க நடக்க நீர் வடிந்து மதியத்துக்குள் இளைத்துவிடும். காலையில் 3 பிளையில் கச்சிதமாக இருந்தது பிற்பகலில் உள்ளே இறங்கும். சிப்பியின் கீழ்முனையில் அழுத்தம், நுனியில் குத்தல், நடக்கும்போது கால் பிஸ்டன் போல ஏறி இறங்குவது, ‘டப் டப்’பென்று காற்றுச் சத்தம்: இவையெல்லாம் சாக்ஸ் போதவில்லை என்பதைச் சொல்கின்றன. நிழலாக ஓரிடத்தில் உட்கார்ந்து 1 பிளை கூட்டுங்கள். மாறாக, காலை உள்ளே தள்ளவே சிரமம், மேலே இறுக்கம், நுனி அந்தரத்தில் தொங்குவதுபோன்ற உணர்வு, கால் நீளமாகிவிட்டது போன்ற நடை என்றால் சாக்ஸ் அதிகம். அப்படியே விட்டால் நுனியில் நீர் தேங்கி, தோல் கறுத்துத் தடித்து, பாலுண்ணி போலச் சொரசொரப்பாகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் கோலிக்குண்டு அளவு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சாக்கெட்டின் அடியில் போட்டுக் காலை மாட்டி எழுந்து நில்லுங்கள். கழற்றிப் பார்த்தால் உருண்டை லேசாக அமுங்கியிருக்க வேண்டும். உருண்டையாகவே இருந்தால் நுனி அடிவரை போகவில்லை. அப்பளமாக நசுங்கியிருந்தால் மொத்த எடையும் நுனியில் விழுகிறது.

எத்தனை பிளை என்று தினமும் குறித்து வாருங்கள். மொத்தம் 10 பிளையைத் தாண்டினால் இனி சாக்ஸால் ஆகாது, சாக்கெட்டை மாற்ற வேண்டும். அதிகாரியிடம் மாற்று சாக்கெட் கேட்கப் போகும்போது அந்த நோட்டே ஆதாரம். சாக்ஸில் சுருக்கம் இருக்கக் கூடாது, தையல் தழும்பின் மேல் வரக் கூடாது. வெளியூர் போகும்போது பையில் உபரியாக இரண்டு சாக்ஸ் வேண்டும். நாலைந்து கிலோ எடை கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அன்றைக்கும் மறுநாளைக்கும் பிளை வேறுபடும்.

வியர்வை நம் ஊரில் பெரிய தொல்லை. சித்திரை வெயிலில், தோலை ஒட்டிப் போடும் உறையான சிலிகான் லைனருக்குள் நீர் சேர்ந்து கால் வழுக்கும். மதியம் ஒருமுறை கழற்றி, லைனரையும் தோலையும் துடைத்து, காய்ந்த பிறகு போட வேண்டும். லைனரை உள்வெளியாகத் திருப்பி, அடிப்பாகத்தை நுனியில் பொருத்தி, காற்றுக் குமிழ் இல்லாமல் மேலே உருட்டுங்கள். குமிழ் நின்ற இடத்தில் கொப்புளம் வரும். இரவில் மணமில்லாத சோப்பால் லைனரைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மீதிக்காலைக் கழுவுவதும் இரவில்தான். காலையில் வெந்நீரில் கழுவினால் தோல் ஊறி, கால் பருத்து, சாக்கெட் ஏறாது. முடியைச் சிரைக்காதீர்கள், வேர்க்கால்களில் சீழ் பிடிக்கும். தேங்காயெண்ணெய் தடவ வேண்டுமென்றால் இரவில் தடவுங்கள், சாக்கெட்டுக்குள் போகும்போது தோல் எண்ணெயோ பவுடரோ மஞ்சளோ இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும். கைக்கண்ணாடி பிடித்து நுனியையும் பின்பக்கத்தையும் தினமும் பாருங்கள். கொப்புளம் கண்டால் அன்றே காலைக் கழற்றிவையுங்கள். இரண்டு நாள் ஓய்வில் ஆறுவது, பிடிவாதமாக நடந்தால் இரண்டு மாதம் இழுக்கும்.

அடுத்தது வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கம். வெளிநாட்டு மாதிரியில் செய்த பாதங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய 1 செ.மீ. குதிகால் உயரமுள்ள ஷூவுக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்தக் காலோடு வெறுந்தரையில் நின்றால் உடல் பின்னால் சாயும், முழங்கால் பின்புறமாக இழுபடும், சமதரையிலேயே மேடேறுவது போல இருக்கும். குதிகால் உயர்ந்த செருப்புக்கு மாறினால் முழங்கால் முன்னால் மடங்கி விழத் தள்ளும். அச்சு கொடுக்கும் நாளிலேயே ‘வீட்டிலும் கோயிலிலும் வெறுங்காலோடுதான் நடப்பேன்’ என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பு, வெளியே போடுவதன் அதே குதிகால் உயரத்தில், தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம். செயற்கை விரல் பிடித்துக்கொள்ளாது, நழுவும். பின்பட்டை உள்ளது வாங்குங்கள். ஷூ மாட்டுவதென்றால் காலைப் போடுவதற்கு முன்பே பாதத்தில் ஒரு கேரி பேக்கைச் சுற்றி உள்ளே வழுக்கிவிடலாம். சுடிதாரும் பேண்ட்டும் அப்படித்தான், முதலில் செயற்கைக்காலில் ஏற்றிவிட்டுப் பிறகு காலை மாட்டுவது சுலபம்.

வெறுங்காலோடு நடக்கிற, குந்துகிற, வயலில் இறங்குகிற மக்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதுதான் ஜெய்ப்பூர் பாதம். 1968 வாக்கில் கைவினைஞர் பண்டிட் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. வெளியே வார்த்த ரப்பர் என்பதால் சேற்றையும் தண்ணீரையும் தாங்கும், கணுக்கால் ஓரளவு எல்லாப் பக்கமும் வளையும். கனம் சற்றுக் கூட. சாச் எனப்படும் பாதம் எளிமையானது, விலை குறைந்தது; ஆனால் கணுக்கால் மடங்காது, நனைந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் கெடும். விவசாய வேலைக்குப் போகிறவருக்கு அதைக் கொடுத்தனுப்புவது சரியில்லை. குந்துவதற்குப் பாதம் மட்டும் போதாது. சாக்கெட்டின் பின்விளிம்பு உயரமாக இருந்தால் முழங்கால் மடங்காது, தொடைத் தசைநாண்களை வெட்டும். விளிம்பைத் தாழ்த்தி, இரு பக்கமும் தசைநாணுக்குப் பள்ளம் விடச் சொல்லிக் கேளுங்கள்.

குளியலறையில் வழுக்காத கனமான ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். காலைக் கழற்றிய பின் ஈரத்தரையில் ஒற்றைக்காலில் தத்துவது அடுத்த எலும்பு முறிவுக்கு வழி. சுவரில் கைப்பிடி வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கால் இல்லை என்பதே மறந்து எழுந்து விழுகிறவர்கள் நிறைய. கட்டிலைத் தொட்டாற்போல ஊன்றுகோலையோ வாக்கரையோ வைத்து, இரவு விளக்கும் எரியவிடுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக்கால் முதலில், பேருந்திலும் அப்படியே. கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில். எடையைச் செயற்கைக்காலுக்குக் கொடுக்கப் பயப்படுகிறவர்கள் எடை பார்க்கும் மெஷினில் அந்தக் காலையும், அதே உயரப் புத்தக அடுக்கில் மற்றக் காலையும் வைத்து, மேசையைப் பிடித்தபடி முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துப் பழகலாம்.

இல்லாத பாதத்தில் எரிச்சலும் விரல் முறுக்கலும் வருவது மனப்பிரமை இல்லை, பலருக்கும் வருவது. மருந்து உண்டு, மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் முன்வைத்த கண்ணாடிப் பயிற்சியும் சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. இரு கால்களுக்கும் நடுவே நீளக் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி பாதத்தை மெல்ல அசைக்க வேண்டும். தினமும் 15 நிமிடம், சில வாரங்கள்.

சர்க்கரையால் கால் இழந்தவர்கள் மற்றொரு பாதத்தை மறந்துவிடுகிறார்கள். இப்போது உடம்பின் சுமையில் பெரும்பங்கு அதன் மேல்தான். தினமும் விரலிடுக்கு, உள்ளங்கால், குதிகால் பாருங்கள். மெத்தென்ற ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பில்லாமல் வீட்டுக்குள்ளும் நடக்காதீர்கள். மரத்துப்போன தோலுக்கு வலி தெரியாது, அதனால் கண்தான் காவல். மீதிக்காலுக்கும் இதே கதை.

செயற்கைக்காலையும் கவனியுங்கள். குழாயும் பாதமும் சேருமிடத்தில் நான்கு சிறு திருகுகள் இருக்கும். அவைதான் காலின் சாய்வை நிர்ணயிக்கின்றன, ஒன்றைத் திருகினால் நடையே மாறும். நீங்களாக முடுக்காதீர்கள். பாதத்திலும் குழாயிலும் சேர்த்து நேர்கோடாக ஒரு பெயிண்ட் கோடு போட்டுவைத்தால் போதும். கோடு விலகினால் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். புதிதாகக் ‘கிளிக்’ சத்தம், சாக்கெட் விளிம்பிலோ ரிவெட்டைச் சுற்றியோ மயிரிழை விரிசல், குதிகால் மெத்தென்று இல்லாமல் கட்டையாவது ஆகியவை தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

யாரிடம் காட்டுவது என்ற இடத்தில்தான் பலர் நின்றுபோகிறார்கள். முகாம் நடத்தியவர்கள் அடுத்த மாவட்டத்துக்குப் போயிருப்பார்கள். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனமும் வேலூர் சி.எம்.சி.யும் இருக்கின்றன என்றாலும், ஒரு திருகுக்காகவோ ஃபோம் பட்டைக்காகவோ கூலிவேலைக்காரர் ஒருவர் இரண்டு நாள் சம்பளத்தை விட்டு அவ்வளவு தூரம் போக மாட்டார். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு ஹீட் கன், ஒரு கிரைண்டிங் மெஷின், ஃபோம் ஷீட், சாக்ஸ் இருப்பு, வாரம் இரண்டு நாள் ஒரு முடநீக்கு வல்லுநர் இருந்தால் மேலே சொன்ன குறைகளில் பெரும்பாலானவை அங்கேயே தீரும்.

முகாம் நடத்தும் அமைப்புகளுக்கு: ஒரு காலுக்கு ஆறு சாக்ஸாவது, மூன்று தடிமனிலும் கலந்து, சேர்த்துக் கொடுங்கள். இரண்டாவது வாரம், மூன்றாவது மாதம், பன்னிரண்டாவது மாதம் என மூன்று நாள்களை அன்றே குறித்து அதே ஊரில் திரும்ப உட்காருங்கள். ஒரு அட்டையில் தமிழில் பாத அளவு, எந்தப் பக்கம், குதிகால் உயரம், சாக்கெட் வகை, அச்சு எடுத்த தேதி, அன்று போட்ட பிளை எத்தனை, அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுதிக் காலோடு கட்டிக் கொடுங்கள். செய்தியாளர்கள் முகாமுக்கு வரும்போது அந்த மூன்று தேதிகளையும் கேட்டுச் செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
செயற்கை உறுப்புப் பொருத்துதல், இயன்முறை சிகிச்சைப் பணிகளில் உள்ள சிலர்,
மதுரை.